பழைய எம்.ஜி. வண்டியும் ஆண்டொத்த உறுப்புகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை, அப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவிலே பெரகல என்னும் சந்தியை அடைந்ததும் இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று கொஸ்லந்தை வழியே வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைக் கடந்து ஹாலிஎலைவரை செல்கின்றது. புகையிரதம் அப்புத்தளையை 1893-இலும் பதுளையை 1924-இலும் எட்டிற்று. எனினும், தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே வளைந்து வளைந்து ஏறும் பாதைகளுக்கு மோட்டார் வண்டியே துணை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலங்கைத் தோட்டங்களிற் பணியாற்றிய இளந் துரைமாரின் உள்ளத்தைக் கவர்ந்த சிறு பந்தய வண்டிகளுள் எம்.ஜி. தலையாயது. நுவரெலியாவுக்கு அணித்தாகிய மகாகஸ்தொட்டையில் 1934-இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் இத்தகைய வண்டிகள் மீதிருந்த மோகத்தை நன்கு வளர்த்தது.

அவ்வண்டிகளுட் சில இன்றும் நம் நாட்டில் எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடிப் பெற்றுப் புதுக்குவதில் ஈடுபட்ட அன்பர் பலர் நம்மிடையே உளர். புதுக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர்களை எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு: கையிலிருக்கும் இவ்வுறுப்பு இவ்வண்டிக்கு, அதுவும் இந்த ஆண்டில் ஆக்கப்பட்ட வண்டிக்கு, உரியதுதானா என்பதே அது. இவ்வினாவுக்குப் பிழையான விடை கூறின் நேரும் இழப்பு பணத்தோடு நில்லாது. பொருந்தா உறுப்பினால் எஞ்சின் கெடலாம். அதனினுங் கொடியது, வண்டியோடு பிறந்த உறுப்பைப் பழுதென்று எண்ணிப் பழைய இரும்புக்காரரிடம் எறிந்துவிட்டு, நேற்று வார்த்த போலியை அவ்விடத்திற் பூட்டிப் பெருமிதங் கொள்வது. எறிந்தது மீளாது. ஆதலின் எம்.ஜி.யின் 'டி' வரிசை வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உறுப்பின் ஆண்டை அறியும் முறையை யாம் ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

முதற்கண் அவ்வரிசையின் வரலாற்றை ஒரு சிறிது நோக்குவோம். எம்.ஜி. தொழிற்சாலை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் இருந்தது, 1980-இல் மூடப்பட்டது. போர் முடிந்த 1945-இல் டி.சி. என்ற வகை வெளிவந்தது. நிறுவனத்தை உருவாக்கிய செசில் கிம்பர் அதே ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் கிங்ஸ் குரொஸ் புகையிரத விபத்தில் இறந்தமையால், அவ்வண்டியை அவர் காணவில்லை. 1949-இறுதிவரை ஏறத்தாழ 10,000 டி.சி. வண்டிகள் ஆக்கப்பட்டன. அதன்பின் 1953 வரை டி.டி. வகை 29,664-உம், 1955 வரை டி.எப். வகை 9,600-உம் வெளிவந்தன. மூன்றையும் வெளித்தோற்றத்தால் வேறுபடுத்துவது எளிது. டி.சி.க்கு 19 அங்குல உயரக் கம்பிச் சக்கரங்கள், முன்னச்சு நேர்த்தண்டு. டி.டி.க்கு 15 அங்குலத் தகட்டுச் சக்கரங்கள். முன்சக்கரங்கள் சுருள்வில்லின்மேல் தனித்தனியே அசைவன. டி.எப்.இன் விளக்குகள் மட்காட்டோடு இணைந்தவை.

வகையை அறிதல் எளிதாயினும் ஒரே வகைக்குள் ஆண்டை அறிதல் அரிது. காரணம், ஆபிங்டன் தொழிற்சாலை ஆண்டுப் பிறப்பன்று புது மாதிரியை அறிவிக்கும் வழக்கமுடையதன்று. குறைபாடு தெரிந்த அன்றோ, பழைய இருப்பு தீர்ந்த அன்றோ மாற்றஞ் செய்து, அம்மாற்றம் எந்தச் சேஸி எண்ணிலிருந்து, எந்த எஞ்சின் எண்ணிலிருந்து என்று ஏட்டிற் குறித்து வைத்தது. ஆகவே '1951-ஆம் ஆண்டு வண்டிக்குரிய உறுப்பு' என்று கேட்பதினும், 'இன்ன எண்ணுள்ள சேஸிக்குரிய உறுப்பு' என்று கேட்பதே பொருத்தம். நம்மவர் பலர் பதிவுப் புத்தகத்திலுள்ள ஆண்டை நம்பி இடர்ப்படுவர். அது வண்டி இலங்கையிற் பதிவான ஆண்டு. ஆக்கப்பட்ட ஆண்டு அன்று. கப்பலிலும் விற்பனையாளர் கொட்டகையிலும் கழிந்த மாதங்கள் இரண்டுக்குமிடையே உள.

சேஸி எண்ணைப் பற்றிச் சுவையான செய்தியொன்று உண்டு. டி.சி.யின் முதல் வண்டி 1 அன்று, 0251. ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 ஆகையால் அங்கிருந்தே எண்ணத் தொடங்கினர். டி.டி.யும் அவ்வாறே 0251-இல் தொடங்கியது. எனவே 0251-இனுங் குறைந்த எண்ணைக் காட்டி 'இது மிகப் பழைய டி.சி.' என்று ஒருவர் விலை பேசுவாராயின், அவரோடு தேநீர் அருந்திவிட்டு விடைபெறுவதே நன்று. எண் சேஸி இரும்பிற் பொறிக்கப்பட்டும், தனித் தகட்டில் அடிக்கப்பட்டும் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு வண்டியிற் பூட்டுதல் எளிது. இரும்பிற் பொறித்ததை மாற்றுதல் கடினம். அரம் தேய்த்த தடம், எழுத்துருவின் வேற்றுமை, எண்களின் வரிசை கோணல் ஆகியவை வண்ணத்தைச் சுரண்டினால் வெளிப்படும்.

எஞ்சின் எண் எண்கோணப் பித்தளைத் தகட்டில் இருக்கும். அதன் முன்னெழுத்துகளே பாதிக் கதையைக் கூறிவிடும். எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது 1,250 கன சென்ரிமீற்றர் எஞ்சின், டி.சி., டி.டி., தொடக்கக்கால டி.எப். ஆகிய மூன்றுக்கும் உரியது. டி.டி.க்குரியதாயின் அவ்வெழுத்துகளை அடுத்து 'டி.டி.' என்றும், பின்னர் பெரிய எட்டங்குலக் கிளச்சு வந்தபோது 'டி.டி.2' என்றும் சேர்க்கப்பட்டது. எக்ஸ்.பி.இ.ஜி. என்பது டி.எப். 1500-இன் 1,466 கன சென்ரிமீற்றர் எஞ்சின். எஸ்.சி. என்ற குறி காணப்படின், அவ்வெஞ்சின் ஒற்றைக் கார்புரேட்டருடன் எம்.ஜி. 'ஒய்' வகைக் குடும்ப வண்டியில் ஓடியது. எக்ஸ்.பி.ஏ.டபிள்யூ. ஆயின், அது வூல்ஸ்லி 4/44 வண்டியிலிருந்து வந்தது. பிந்திய இரண்டும் எம்.ஜி. பந்தய வண்டிகளிற் குடியேறியிருத்தல் வியப்பன்று. இரட்டைக் கார்புரேட்டரைப் பூட்டினால் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. உடன்பிறந்தார் போன்று இருப்பினும் அவை சிற்றன்னை பிள்ளைகள்.

இனி உறுப்புகளின் நாள்முத்திரை. மின்னுறுப்புகளை அளித்த லூக்காஸ் நிறுவனம், டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்றிபியூட்டர் முதலியவற்றின் உடலிலே மாதத்தையும் ஆண்டின் ஈற்றிரு இலக்கத்தையும் அடித்தது. '1 48' என்பது 1948 சனவரி. இதனைக் கொண்டு ஆராயும் விதி எளியது. உறுப்பு வண்டிக்கு முன் பிறந்திருத்தல் வேண்டும். ஆனால் மிக முன்னர் அன்று. 1948 மார்ச்சில் ஆபிங்டனை விட்ட வண்டியில் '1 48' டைனமோ இருப்பின் அது உடன்பிறந்தது என்று கொள்ளலாம். '9 51' இருப்பின் அது மெய்யான லூக்காஸ் உறுப்பே. எனினும் பின்னர் மாற்றியது. '4 39' இருப்பின், போருக்கு முந்திய வேறொரு வண்டி அதற்குத் தாய். முத்திரை பெரும்பாலும் வண்ணத்துக்கும் எண்ணெய் அழுக்குக்கும் கீழே மறைந்து கிடக்கும். மணல் வீசித் துப்புரவாக்கும் எந்திரத்துக்கு அனுப்புமுன் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து நோக்குக. மணல் வீச்சு ஒரு நிமிடத்தில் அழிப்பதை எந்த நிபுணராலும் மீட்டெடுத்தல் இயலாது.

அளவுமானிகள் பிறிதொரு சான்று. டி.சி.யில் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானி செலுத்துவோனுக்கு நேரேயும், வேகமானி பக்கத்தில் அமர்ந்தவருக்கு நேரேயும் உள்ளன. துரை எத்துணை விரைவாகச் செல்கின்றார் என்பதைத் துரைசாணியே முதலில் அறிவார் போலும்! இம்மானிகள் கடிகாரப் பொறிபோல் இயங்குவன. முள் வழுக்கிச் செல்லாது, படிப்படியாகத் தாவித் தாவி நகரும். முள் வழுவழுப்பாக ஏறுமாயின், முகப்பு எவ்வளவு பழைமையாகத் தோன்றினும் உள்ளிருப்பது வேறு பொறி.

டி.டி. வகையில் நிகழ்ந்த மாற்றங்கள் பல. தொடக்கத்துச் சில நூறு வண்டிகளின் சக்கரத் தகட்டில் துளை இல்லை. பின்னர் தடைகள் குளிருமாறு சுற்றிலும் துளையிட்டனர். முற்பகுதி வண்டிகளில் மின் ஒழுங்காக்கியும் பியூசுகளும் ஒரே பெட்டியில். பின்னர் இரு பெட்டிகளில். பின்விளக்குகள் முதலிற் சதுரமாக இருந்து 1952-இன் பிற்பகுதியில் வட்டமாயின. கண்ணாடி துடைக்கும் மோட்டார் பக்கத்திருப்பவரின் முன்னிருந்து நடுவுக்கு வந்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேயே. ஆகவே துளையிலாச் சக்கரமும் வட்டப் பின்விளக்கும் ஒரே டி.டி. வண்டியிற் காணப்படின், ஒன்று மற்றொன்றைப் பொய்யெனக் காட்டிக்கொடுக்கும்.

இவற்றுள் எதனைப் பிழைத்தாலும் தோற்றம் மட்டுமே கெடும். சிலிண்டர் ஹெட்டிற் பிழைத்தால் எஞ்சினே கெடும். ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம். எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினின் முற்கால ஹெட்டில் தண்ணீர் செல்லும் வழிகள் வாழைப்பழம்போல் நீண்டு வளைந்தவை. அதிற் பூட்டும் பிளக்கின் புரி அரை அங்குல நீளமே. டி.டி.யின் பிற்காலத்தில் வந்த ஹெட்டில் அவ்வழிகள் வட்டத் துளைகள். பிளக்கின் புரி முக்கால் அங்குலம். கேஸ்கட்டும் இரண்டுக்கும் வெவ்வேறு. வெடித்த ஹெட்டுக்குப் பதிலாகக் கிடைத்ததைப் பூட்டுவோர் இதனை நோக்குவதில்லை. துளைகள் பொருந்தாவிடில் தண்ணீர் தடைப்படும். வெல்லவாயவிலிருந்து பெரகலவுக்கு ஏறும் நீண்ட ஏற்றத்தில், வேகங் குறைந்து காற்றும் போதாத வேளையில், அத்தடையின் பயன் தெரியும். மேலும், குட்டைப் பிளக்குக்குரிய ஹெட்டில் நெட்டைப் பிளக்கைத் திருகினால் அதன் நுனி எரியறைக்குள் நீட்டி நிற்கும். பிஸ்டனைத் தொடவுங் கூடும். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று கூறுவாராயின், பழைய பிளக்கையும் புதியதையும் அருகருகே வைத்து அளந்து பார்ப்பது நம் பொறுப்பு.

போல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். இவ்வெஞ்சினின் போல்ட்டுகள் உலகத்திலேயே விந்தையானவை. தலை விட்வொர்த் அளவிலானது; ஆங்கில ஸ்பானர் அதற்குப் பொருந்தும். புரியோ மெட்ரிக் முறையிலானது. இதன் காரணம் வருமாறு: கொவன்றியில் பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் நிறுவனம் நடத்திய தொழிற்சாலையை மொரிஸ் 1923-இல் வாங்கியபோது, மெட்ரிக் அளவில் அமைந்த எந்திரங்களும் உடன் வந்தன. அவற்றை மாற்றுதல் பெருஞ்செலவு. ஆனால் இங்கிலாந்தின் கராஜுகளில் இருந்தனவோ ஆங்கில ஸ்பானர்கள். ஆகவே தலையை ஆங்கிலேயருக்கும் புரியை எந்திரத்துக்குமாக அமைத்தனர். சிலிண்டரின் உள்விட்டம் 66.5 மில்லிமீற்றர், வீச்சு 90 மில்லிமீற்றர் என்ற முழுமையான அளவுகளும் அதே மரபின. இதனை அறியாத பிற்றர், தலையின் அளவைக் கண்டு ஆங்கிலப் புரியுள்ள போல்ட்டை வலிந்து திருகுவார். அது பாதிவரை செல்லும். பின்னர் எஞ்சின் உடலின் புரி அழியும். பழைய எஞ்சினைப் பிரிக்கும்போது எழும் தொல்லைகளுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலம். நல்ல போல்ட்டுகளைத் துருப்பிடித்தனவென்று எறியற்க. அவற்றின் தலையில் ஆக்கியோர் பெயர் பொறித்திருக்குமாயின் அவை பொன்போற் போற்றத் தக்கன.

இலங்கையில் இலக்கத்தகடும் ஒரு சான்றாகின்றது. சீ.ஈ., சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன போன்ற ஆங்கில எழுத்துகள் முன்பு வழங்கின. 'சிலோன்' என்ற பெயரின் எழுத்துகளிலிருந்தே அவை பிறந்தன. 1957-இன் தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகடு வந்தது. அதனையெதிர்த்துத் தமிழ் மக்கள் நடத்திய இயக்கத்தையும், 1958-இன் கசப்பான நிகழ்ச்சிகளையும் நம் வாசகர் அறிவர். வண்டியை ஆராய்வார்க்கு அதன் பயன் வேறு. டி.சி. வகை 1949-உடனும், 'டி' வரிசை முழுவதும் 1955-உடனும் முடிந்துவிட்டன. ஆகவே புதிதாக இங்கு வந்த டி.சி.க்கு 'ஸ்ரீ' தகடு இருத்தல் இயல்பன்று. இருப்பின், அவ்வண்டி பழையதாக இறக்குமதியானதோ, மறுபடி பதிவானதோ, பல வண்டிகளின் உறுப்புகளாற் கூட்டியதோ என்று வினவுதல் வேண்டும். 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வரும் பதிவில் எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் இடம்பெறுகின்றன. பழைய பதிவுப் புத்தகம் கையில் இருப்பின் அதனை வண்டியின் ஓர் உறுப்பாகவே கருதுக.

இனி யாம் கூறப்போவது பிறநாட்டுக் கையேடுகளிற் காணப்படாதது. 1960-களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வண்டிகளும் உதிரிப் பாகங்களும் இறக்குமதியாவது பெரிதுங் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இலேயே அந்நிலை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வண்டிகளை ஓடச் செய்தவர் யார்? தேயிலைத் தொழிற்சாலைகளில் எந்திரங்களைப் பேணிய பிற்றர்மாரும், லேத்துக்காரரும், தச்சருமே. உடைந்த புஷ்சுக்குப் பித்தளையைக் கடைந்தனர். காய்ந்த கேஸ்கட்டுக்குச் செப்புத் தகட்டை வெட்டினர். எம்.ஜி.யின் உடல், தகரத்தின் கீழே ஆஷ் மரச் சட்டங்களால் ஆனது. பெரகல மூடுபனியின் ஈரத்தில் அம்மரம் உளுத்துக் கறையானுக்கு இரையாவது இயல்பு. அதனை அகற்றித் தேக்கிலும் பலாவிலும் ஹல்மில்லையிலும் புதிய சட்டங்களை இணைத்தனர். ஹல்மில்லை வண்டிச் சக்கரத்துக்கும் ஓடத்துக்கும் நம் முன்னோர் ஆண்ட மரம். அதன் வலிமைக்கு ஆஷ் ஈடாகாது என்பது எமது கருத்து.

இக்கைவண்ணத்தை என் செய்வது? தூய்மைவாதிகள் யாவற்றையும் களைந்து ஆபிங்டனை விட்ட நாளில் இருந்தவாறே ஆக்குக என்பர். யாம் அதற்கு முழுதும் உடன்படோம். உறுப்புகளை நால்வகையாகக் கொள்ளுதல் தகும். வண்டியோடு பிறந்தது ஒன்று. அதே ஆண்டில் ஆக்கப்பட்டு வேறொரு வண்டியிலிருந்து வந்தது, அதாவது ஆண்டொத்தது, ஒன்று. வண்டியின் உழைப்புக் காலத்திலேயே நம்மவர் செய்து பூட்டியது ஒன்று. அண்மையில் வாங்கிய புதுப் போலி ஒன்று. முதலாவதை எந்நிலையிலும் களைதல் ஆகாது. நான்காவது, பாதுகாப்புக்கு இன்றியமையாத இடத்தில் ஏற்புடையது. தடையின் இறப்பரும் மின்கம்பியும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். ஐயத்துக்குரியது மூன்றாவதே. 1964 ஒக்டோபர் 30-இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, இலட்சக்கணக்கான தோட்டத்து மக்கள் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்றவருள் இத்தகைய கம்மியரும் இருந்தனர். அவர்தம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்தம் கைத்தடம் எஞ்சியிருப்பது இத்தகைய பித்தளைப் புஷ்சிலும் மரச் சட்டத்திலுமே. உறுதியாக இயங்குமாயின் அது அங்கேயே இருக்கட்டும் என்போம். அகற்றியே தீர வேண்டுமாயினும் அதனைக் காப்பது கடன்.

போலியை இனங்காணுதல் முன்னினும் அரிதாகிவிட்டது. 'டி' வரிசை உறுப்புகளைப் புதிதாக ஆக்கி விற்கும் நிறுவனங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள. அவற்றின் சரக்கிற் பெரும்பகுதி நேர்மையானது. போலி என்று கூறியே விற்பது. அதனைச் சேற்றிலும் அமிலத்திலும் தோய்த்துப் பழைமையேற்றி 'தோட்டத்துப் பங்களாவில் கண்டெடுத்தது' என்று விற்பவரே தீங்கிழைப்போர். எடை, வார்ப்பின் விளிம்பு, முத்திரையின் ஆழம், நிக்கலா குரோமியமா என்ற பூச்சு ஆகியவற்றை நோக்குக. கையாண்டு தேய்ந்த இடங்கள் கைபடும் இடங்களிலேயே இருத்தல் வேண்டும். கைப்பிடியின் அடிப்புறம் தேய்ந்து மேற்புறம் புதிதாய் இருப்பின் அது அரத்தின் தேய்வு. வண்டியின் உண்மை நிறத்தை அறிய வேண்டின், பெற்றோல் தொட்டியின் பட்டைக்குக் கீழும், அளவுமானிப் பலகையின் பின்னும் நோக்குக. மறுவண்ணம் பூசுவார் கை அவ்விடங்களை எட்டுவதில்லை.

ஐயம் தீராதவிடத்து, எம்.ஜி. கார் கழகத்தை நாடலாம். 1930-இல் நிறுவப்பெற்ற அக்கழகம் ஆபிங்டனிலேயே இயங்குகின்றது. 'டி' வரிசைக்கெனத் தனிப் பிரிவும் அதற்குண்டு. சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும், இரும்பிற் பொறித்த இடத்தின் படத்தையும் சேர்த்து எழுதுக. எண்ணை மட்டும் எழுதினால் விடையும் எண்ணளவிலேயே வரும்.

கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும், அது பழுதாயினும், தனிப் பையிலிட்டுக் கட்டுக. எந்த இடத்திலிருந்து, எந்நாள் கழற்றியது, அதில் என்ன முத்திரை இருந்தது, ஏன் மாற்றினோம் என்பவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டை உடன் வைக்க. மலைநாட்டு ஈரத்தில் மை கரைந்துவிடும். பைகளை அடைக்கும் பெட்டி தகரமாக இருப்பின் எலி அணுகாது. அப்பெட்டியை வண்டியை விற்கும் நாளில் வண்டியோடே கொடுத்துவிடுக.